நடுவழி வகுப்பு

தான் யார் என்று தெரியாமலேயே முப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்துவிட்டதை இழுவை அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடுதான் தெரிந்துகொண்டாள். அதுவரை அவளுக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லை. சாலையில் நின்றுபோன வண்டிகளைக் கொக்கி மாட்டி இழுத்துவந்து பட்டறையில் சேர்ப்பது அவள் தொழில். அப்பா விட்டுப்போன இழுவை லாரியை இருபது வயதில் கையில் எடுத்தாள். தம்பிகள் இரண்டு பேரையும் படிக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது தலையில் நாலைந்து நரை. லாரியின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும்: ‘நடுவழியில் நின்றுவிட்டீர்களா? நாங்கள் வருகிறோம்.’ கீழே தொலைபேசி எண். அந்த எண்ணைக் கூப்பிட்டவர்களில் ஒருவர்தான் கப்பலில் மின்வேலை பார்ப்பவர். விடுமுறைக்கு வந்த இடத்தில் வாடகைக் கார் மழையில் படுத்துக்கொண்டது. அவரையும் காரையும் இழுத்துவந்தாள். காரைச் சரிபண்ணி வாடகைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அவர் மட்டும் தினமும் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தார்.

கல்யாணம் என்று முடிவானதும், ஓலை வாசிக்கச் சொல்ல ஆலயத்து அலுவல் அறைக்குப் போனாள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சபைமுன் வாசிப்பார்கள். அதுதான் ஓலை. மாப்பிள்ளையின் சபையில் அதற்கு ஐந்து நிமிஷம் ஆனதாம். அதிலும் மூன்று நிமிஷம் பேனா தேடியது.

இங்கே மேசைக்குப் பின்னால் சபைக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் உட்கார்ந்திருந்தார். எடை, அளவுத் துறையில் முப்பது வருஷம் அடுத்தவர் தராசைச் சோதித்து ஓய்வுபெற்றவர்.

“சான்றிதழ் எங்கம்மா?”

“என்ன சான்றிதழ்ங்க?”

“அடையாளச் சான்றிதழ். நீ ஆங்கிலிக்கன் சபைதான்னு.”

“ஐயா, இந்தக் கோயில் தொட்டியிலதான் எனக்கு ஞானஸ்நானம். நீங்களும் பக்கத்துல நின்னீங்க. பிள்ளை ஓவரா அழுவுதுன்னு எங்கம்மாகிட்ட சொன்னீங்களாம்.”

“அழுதது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு,” என்றார் அவர் பெருந்தன்மையாக. “ஆனா அது ஞானஸ்நானம். இது அடையாளம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.”

விஷயம் இதுதான். ஆறு சனிக்கிழமை, மாலை ஐந்திலிருந்து ஏழு வரை, பெரியவர்களுக்கான அடையாள வகுப்பு. முடித்தவர்களுக்குச் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் ஓலை, ஞானஸ்நானம், கல்லறைத் தோட்டத்தில் இடம். செத்தவர்கள் எப்படி வகுப்புக்கு வருவார்கள் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அது துணைக்குழுவின் பரிசீலனையில் இருந்தது. ஒரு வகுப்பு தவறினாலும் அடுத்த அணியில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த அணி ஐந்து மாதம் கழித்து.

இழுவை அக்கா விரல்விட்டு எண்ணினாள். ஆறு சனிக்கிழமை. ஆறாவதன் மறுநாளே முதல் ஓலை, பிறகு இரண்டு ஞாயிறு, திங்கட்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை கப்பல். ஒரு சனி தப்பினால் மாப்பிள்ளை கடலில், அவள் கரையில். மறுபடி அவர் வர ஒன்றரை வருஷம்.

“பேர் எழுதிக்குங்க,” என்றாள்.

வகுப்பில் மொத்தம் ஐந்து பேர். பாடகர் குழுவில் முதல் குரல் பாடும் பெரியம்மா, நாற்பது வருஷமாக இரண்டாவது பெஞ்சில் இடம் மாறாமல் உட்காருகிறவர். பேத்திக்கு ஞானஸ்நானம் ஆகவேண்டுமென்று வந்திருந்தார். ஆலயத்தில் மணியடிப்பவர், வராவிட்டால் மணிக்கயிற்றைத் தொடக்கூடாது என்று சொல்லப்பட்டதால் வந்திருந்தார். சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருக்கும் கணவனும் மனைவியும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்கு வாரத்தில் இந்த இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது என்று வந்திருந்தார்கள். கைப்பேசிகளையெல்லாம் வாங்கிக் காணிக்கைப் பையில் போட்டுச் சுருக்குக் கயிற்றை இழுத்தார் ஒருங்கிணைப்பாளர்.

முதல் வகுப்பில் கரும்பலகையின் நடுவே கோடு போட்டார். ஒரு பக்கம் ‘நாம் யார்’, மறுபக்கம் ‘நாம் யார் இல்லை’. நாம் யார் என்று அறிய, முதலில் நாம் யார் இல்லை என்று அறியவேண்டும் என்றார். நாம் அவர்களைப்போல் சத்தமாக ஜெபிக்கிறவர்கள் இல்லை, இவர்களைப்போல் ஜெபமாலை உருட்டுகிறவர்கள் இல்லை, அழுகிறவர்கள் இல்லை, ஆடுகிறவர்கள் இல்லை, ஆராதனை நடுவே கைதட்டுகிறவர்கள் இல்லவே இல்லை. இரண்டு மணி நேரத்தில் அந்தப் பக்கம் நிரம்பி, எழுத்து சட்டத்தின் மரத்துக்கே ஏறிவிட்டது. இந்தப் பக்கத்தில் தலைப்பு மட்டும் நின்றது.

மணியடிப்பவர் கையைத் தூக்கினார். “ஐயா, நம்ம பக்கம் காலியா இருக்குதுங்களே.”

“அதுதான் நம்ம விசாலம்,” என்றார் ஒருங்கிணைப்பாளர். “எத்தனை பேர் வந்தாலும் இடம் இருக்கும். அந்த இடத்தை யாரும் வந்து நிரப்பிடாம பாத்துக்கத்தான் இந்த வகுப்பே.”

வெளியே லாரியின் முன்னிருக்கையில் கப்பல்காரர் காத்திருந்தார். இழுவை அக்கா ஏறி உட்கார்ந்ததும், “என்ன, நாம யாருன்னு சொன்னாங்களா?” என்று கேட்டார்.

“இன்னும் சொல்லல. யார் இல்லன்னு சொல்லியிருக்காங்க. ஆடக்கூடாதாம்.”

“நான் ஆடலையே.”

“அப்போ நீங்க பாஸ்.”

இரண்டாம் வகுப்பின் தலைப்பு ‘நடுவழி’. கரும்பலகையில் ஒரு சாலை வரைந்தார் ஒருங்கிணைப்பாளர். இடது ஓரம் ஒரு பள்ளம், எல்லாம் மிகையானவர்கள் விழுந்த இடம். வலது ஓரம் இன்னொரு பள்ளம், எல்லாம் குறைவானவர்கள் விழுந்த இடம். நடுவில் நாம். இங்கிலாந்தில் நம் சபை பிறந்ததிலிருந்து நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடுவழியில் நின்றுகொண்டிருக்கிறோம் என்று சொல்லி, சாலையின் நடுவில் ஒரு புள்ளி வைத்தார்.

இழுவை அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, நடுவழியில நிக்கக் கூடாதுங்க. முதல்ல ஓரங்கட்டணும். இல்லாட்டி பின்னாடி வர்றவன் அடிச்சுத் தூக்கிட்டுப் போயிடுவான்.”

“இது நிக்கிறதில்லம்மா. ஒரு பயணம்.”

“அப்போ எந்தப் பக்கமா போறோம்?”

ஒருங்கிணைப்பாளர் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். தான் வரைந்த சாலையை அப்போதுதான் முதன்முறை பார்ப்பவர்போல் வெகுநேரம் பார்த்தார். அது ஆறாவது வகுப்பில் வரும் என்றார்.

அன்றைக்கும் கப்பல்காரர் கேட்டார். “இன்னைக்கு நாம யாரு?”

“ரிப்பேர் வண்டி,” என்றாள்.

மூன்றாம் வகுப்பில், ஆலயத்தின் முன்பகுதியில் வெள்ளைத் துணி விரித்திருக்கும் அந்தப் பொருளைப் பற்றிப் பேசினார்கள். அதைச் சிலர் பலிபீடம் என்பார்கள். சிலர் மேசை என்பார்கள். பலிபீடம் என்றால் இந்தப் பள்ளத்தில் விழுந்தோம், மேசை என்றால் அந்தப் பள்ளத்தில். ஆகவே இனிமேல் அதை ‘முன்னால் இருப்பது’ என்று மட்டுமே சொல்லவேண்டும். இருபது முறை சொல்லிப் பழகினார்கள். பெரியம்மாவுக்கு மட்டும் வாய் வரவில்லை. அவர்தான் வாராவாரம் அதன்மேல் பூ வைக்கிறவர். “பலி” என்று தொடங்கி, விழுங்கி, “மே” என்று மாறி, அதையும் விழுங்கி, இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்து, முதுகைத் தட்டி உட்காரவைத்தார்கள்.

“இத்தனை வருஷமா பேர் சொல்லாமலா பூ வச்சேன்?” என்று இழுவை அக்காவின் காதில் புலம்பினார். “இனிமே பூக்காரன்கிட்ட என்னன்னு சொல்றது? முன்னால இருக்கிறதுக்கு ரெண்டு முழம்னா, அவன் என்னை ஏற இறங்கப் பாக்க மாட்டானா?”

நான்காம் வகுப்பு முழங்காலைப் பற்றியது. ஜெபத்துக்கு முழுதாக முழந்தாளிட்டால் மிகை, உட்கார்ந்தே இருந்தால் குறை. பெஞ்சின் நுனியில் பட்டும்படாமல் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, முழங்கால் தரையைத் தொடாமல் நான்கு விரற்கடை உயரத்தில் நிற்கவேண்டும். தொட்டும் தொடாமல் இருக்கிற அந்த நான்கு விரற்கடைதான் நம் சபையின் மொத்தச் சரித்திரமும் என்றார் ஒருங்கிணைப்பாளர். பழைய உத்தியோகத்து அளவுகோலைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் முழங்காலுக்குக் கீழேயும் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். வீடு கட்டும் கணவனுக்கு ஐந்து விரற்கடை இருந்தது. அலட்சியம் என்று எழுதினார். மணியடிப்பவருக்குச் சரியாக நான்கு. பாராட்டிவிட்டு எழுந்திருக்கச் சொன்னபோது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. முதுகு அப்படியே பிடித்துக்கொண்டது. இழுவை அக்கா பின்னால் போய் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, மெதுவாக மேலே தூக்கினாள். ஆறு வாரத்தில் அவள் முழு மனதோடு செய்த வேலை அது ஒன்றுதான்.

ஐந்தாம் வகுப்பில் மெழுகுவர்த்தி. முன்னால் இருப்பதன்மேல் இரண்டு மெழுகுவர்த்திகள் உண்டு. ஏற்ற வேண்டும் என்பது ஒரு கட்சி, கூடாது என்பது இன்னொரு கட்சி. பதினோரு வருஷம் பேசி, ஒன்றை மட்டும் ஏற்றுவது என்று முடிவாகியிருந்தது. எதை ஏற்றுவது என்ற பேச்சு இப்போது எட்டாவது வருஷத்தில் இருந்தது. அதுவரை இரண்டையும் துடைத்து வைக்கும்படி தீர்மானம். அந்தத் தீர்மானங்களை ஒருங்கிணைப்பாளர் தேதிவாரியாக வாசித்தார். வீடு கட்டும் கணவனும் மனைவியும் தோளோடு தோள் சாய்ந்து நன்றாகத் தூங்கினார்கள்.

அன்று கப்பல்காரர் எதுவும் கேட்கவில்லை. கப்பல் கம்பெனியிலிருந்து பயணத் தேதி உறுதியாகிக் கடிதம் வந்திருந்தது. அதை மடித்து அவள் கையில் கொடுத்தார். “உங்களுக்கு இது கஷ்டமா இருந்தா, நாம ரெஜிஸ்டர் ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போட்டுக்கலாம். எனக்கு ஒண்ணும் இல்ல,” என்றார்.

இழுவை அக்கா வண்டியைக் கிளப்பவில்லை. “எங்கப்பாவுக்கும் அம்மாவுக்கும் இங்கதான் ஓலை வாசிச்சாங்க. தம்பிங்க ரெண்டு பேருக்கும் இங்கதான். அப்பல்லாம் நான் பின்னாடி பெஞ்சுல உட்காந்து கேட்டிருக்கேன். என் பேரையும் ஒரு தடவை அந்தச் சுவத்துக்குள்ள சத்தமா சொல்லட்டுமே. என்ன கெட்டுப்போச்சு இவங்களுக்கு?” என்றாள். சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

ஆறாவது சனிக்கிழமை தேர்வு. சான்றிதழ் வழங்கப் பேராயரே வருவதாக ஏற்பாடு. ஆலயத்தை நடத்தும் ஆயரும் சபைக் குழு உறுப்பினர்களும் புதுச்சட்டையில் வாசலில் நின்றார்கள். கேள்வித்தாளில் ஒரே ஒரு கேள்வி: ‘ஆங்கிலிக்கன் அடையாளம் என்றால் என்ன? நான்கு பக்கங்களுக்கு மிகாமல் எழுதுக. திட்டவட்டமான விடைகளுக்கு மதிப்பெண் குறைக்கப்படும்.’

இழுவை அக்கா தன் பெயரை எழுதி அடிக்கோடிட்டபோது, காணிக்கைப் பைக்குள்ளிருந்து அவள் கைப்பேசி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மூன்றாம் தரமும் அடித்தது. விடாமல் மூன்று தரம் அடிக்கிறது என்றால் நிற்கிற இடம் சரியில்லை என்று அர்த்தம். தொழிலில் அது அவளுக்குத் தெரியும். எழுந்துபோய்ப் பைக்குள் கைவிட்டு எடுத்தாள். பேசியவர் ஒரு காரோட்டி. பெரிய பாலத்துக்கு நட்டநடுவில் வண்டி நின்றுவிட்டதாம், ஓரங்கட்ட இடமில்லையாம், பின்னால் சரக்கு லாரிகள் உரசிக்கொண்டு போகின்றனவாம், என்றைக்கோ ஒரு லாரியின் பின்பக்கம் பார்த்துக் குறித்துவைத்த எண் இதுதானாம், உள்ளே பேராயர் உட்கார்ந்திருக்கிறாராம்.

அவள் சொன்னதைக் கேட்ட ஒருங்கிணைப்பாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “பதினாலாவது விதி. தேர்வு நேரத்துல வெளியே போறவங்க வகுப்புக்கே வராதவங்க.”

“உங்க பேராயர்தாங்க நிக்கிறாரு.”

“அவர்தாம்மா இந்த விதியில கையெழுத்துப் போட்டவர். அவருக்குப் புரியும். எழுதி முடிச்சுட்டு ஏழு மணிக்குப் போ.”

இழுவை அக்காவுக்குக் கப்பல் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. அந்தப் பாலத்தில் முன்பொரு தரம் அவள் தாமதமாகப் போய்ச்சேர்ந்த ஒரு காரும் ஞாபகம் வந்தது. குனிந்து விடைத்தாளில் இரண்டு வரி எழுதினாள். எழுதிய தாளை நேராக்கி, அதன்மேல் பேனாவை வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலில் கப்பல்காரர் காத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

பாலத்தில் பேராயர் சிவப்பு அங்கியோடு காருக்கு வெளியே நின்று, கையிலிருந்த கோலை ஆட்டி லாரிகளை விலகிப்போகச் சொல்லிக்கொண்டிருந்தார். லாரிக்காரர்கள் அவரை யாரென்று நினைத்தார்களோ, மரியாதையாகத்தான் விலகிப்போனார்கள். கப்பல்காரர் சிவப்பு விளக்கைத் தூக்கிப்பிடித்துப் பின்னால் நிற்க, இழுவை அக்கா காருக்குக் கொக்கி மாட்டிப் பேராயரைத் தன் லாரிக்குள் ஏற்றினாள். கோல் நீளமாக இருந்ததால் ஜன்னல்வழியே வெளியே நீட்டவேண்டியிருந்தது. அதன் நுனி வளைந்திருந்தது.

“உங்களுதுலயும் கொக்கி இருக்குதே. அது எதுக்குங்கய்யா?” என்று கேட்டாள்.

“வழி தப்பின ஆட்டைக் கழுத்துல மாட்டி இழுக்கிறதுக்கும்மா.”

“இழுத்திருக்கீங்களா?”

பேராயர் நேர்மையானவர். யோசித்துப் பார்த்தார். “இல்ல. வருஷத்துக்கு நாலு தரம் பிடிச்சுக்கிட்டு நடப்பேன்.”

கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள். “இந்த அடையாள வகுப்பு நீங்க முடிச்சாச்சுங்களா?”

“எந்த வகுப்பு?” என்றார் பேராயர். பிறகு, செவ்வாய்க்கிழமைகளில் நிறையக் கையெழுத்துப் போடுவதாகவும், அதில் அதுவும் இருந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

ஆலய வளாகத்துக்குள் பேராயர் இழுவை லாரியில் வந்து இறங்கியதைக் குழு உறுப்பினர்கள் எளிமையின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டப்போய், கைதட்டக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, கைகளைப் பாதியில் நிறுத்தினார்கள். கூட்டம் கூடியது. சிறந்த விடையை வாசிக்கும்படி பேராயரிடம் தாள்களை நீட்டினார்கள். பசியோடிருந்த பேராயர் புரட்டிப்பார்த்து, இருப்பதிலேயே சிறியதை எடுத்து, பிரசங்கக் குரலில் வாசித்தார்.

“நடுவழியில் ஒருவர் நிற்கிறார். போய் இழுத்துக்கொண்டு வருகிறேன். மீதியை வந்து எழுதுகிறேன்.”

பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஒரு குழு உறுப்பினர் மெல்ல “ஆமென்” என்றார். இன்னொருவர் இது எந்தப் பக்கத்துச் சாய்வும் இல்லாத விடை என்று வியந்தார். இந்த ஆழம் யாருடையது என்று பேராயர் தாளின் மேலே பெயரைத் தேடினார்.

ஒருங்கிணைப்பாளர் எழுந்தார். “ஐயா, அந்தத் தாள் செல்லாது. எழுதினவங்க வகுப்புக்கு வரல.”

இழுவை அக்கா பின்பக்கம் நின்றிருந்தாள். கையில் இன்னும் கிரீஸ். “வராதவளுக்கு எப்படிங்க நாலு விரற்கடை அளந்தீங்க?” என்றாள். “சரி, நான் முடிக்கல. முடிக்காதவ பேரை வாசிக்கக்கூடாது. வாசிக்கப்போற ஆயரய்யா முடிச்சாரா? சான்றிதழ் குடுக்க வந்த பேராயரய்யா முடிச்சாரா? லாரியில கேட்டேன், எந்த வகுப்புன்னு என்னையே கேக்குறாரு. சொல்லிக்குடுத்த நீங்க முடிச்சீங்களா? முடிச்சவங்க யாராச்சும் இருந்தா எந்திரிங்க. அவங்க வந்து என்னை வேண்டாம்னு சொல்லட்டும், நான் போயிடுறேன்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. முதுகுவலியால் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த மணியடிப்பவர் அவசரமாக உட்கார்ந்தார்.

குழு அலுவல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. வெளியே தேநீர் ஆறியது, பேராயர் இரண்டு பிஸ்கட் பொட்டலங்களை முடித்தார். ஐம்பது நிமிஷம் கழித்து ஒருங்கிணைப்பாளர் வந்து தீர்மானத்தை வாசித்தார். அவளுக்குச் சான்றிதழ் இல்லை என்றால் மிகை. கொடுத்தால் குறை. எனவே சான்றிதழ் எழுதப்படும், கையெழுத்தும் இடப்படும். ஆனால் அவள் கையில் கொடுக்கப்படாது. அலுவல் அறை அலமாரியில் இருக்கும். ஓலைக்கு அது போதும். வாசித்து முடித்தபோது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். “பாத்தியாம்மா,” என்றார் அவளிடம், உண்மையான வாஞ்சையோடு. “இதுதான் நான் ஆறு வாரமா சொல்ல வந்தது.”

மறுநாள் முதல் ஓலை. அடுத்த ஞாயிறு இரண்டாவது. இரண்டு தரமும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு ஆயர் அவள் பெயரைச் சத்தமாக வாசித்து, “தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம்” என்று நிறுத்தியபோது, நாலாவது பெஞ்சில் ஒருங்கிணைப்பாளர் எழுந்து நின்றார்.

இழுவை அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்த கப்பல்காரரின் மணிக்கட்டைப் பிடித்தாள்; கொக்கியைப் பிடிப்பதுபோல் பிடித்தாள்.

ஒருங்கிணைப்பாளர் தொண்டையைச் செருமினார். “எனக்குத் தடை எதுவும் தெரியாது. தெரியாதுங்கிறது குறிப்புல ஏறணும்.”

ஆயர் பேனாவைத் தேடினார். அதற்குள் இரண்டாவது பெஞ்சில் பெரியம்மா எழுந்தார். “எனக்கும் தெரியாது. எழுதிக்குங்க. அந்தப் புள்ளை தங்கம்.” பின்னாலிருந்து மணியடிப்பவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தனக்கும் தெரியாது என்றார். வீடு கட்டும் கணவனும் மனைவியும் சேர்ந்தே எழுந்தார்கள். அப்புறம் பெஞ்சு பெஞ்சாக, வலது ஓரம், இடது ஓரம், நடு. ஒவ்வொருவரும் எழுந்து, தனக்கு ஒன்றும் தெரியாது என்று தெளிவாகச் சொல்லி, ஆயர் எழுதி முடிக்கும்வரை நின்று, உட்கார்ந்தார்கள். நூற்று நாற்பது பேர். பிரசங்கம் அன்றைக்கு இல்லாமலே போனது.

கப்பல்காரருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அவர் சபையில் ஐந்து நிமிஷ வேலை. குனிந்து அவள் காதருகே கேட்டார். “யாருங்க இவங்கல்லாம்?”

இழுவை அக்கா எழுந்து நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒருங்கிணைப்பாளர் அளவுகோலை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்தவர்களை ஒவ்வொருவராக விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“எங்க ஆளுங்க,” என்றாள்.